ஐந்தாம் அத்தியாயம்: யாரிடம் காட்டுவது?

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலாயினும், ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்னும் செய்தி அம்மம்மாவின் வாயிலிருந்து அயலாரின் காதுக்குப் போய்ச் சேர்ந்ததும் எழும் முதற் கேள்வி, “என்னகா, ஆரிட்டக் காட்டுற?” என்பதுதான். கேட்பவரின் மனத்திலே பெரும்பாலும் ஒரு நிபுணரின் பெயர் இருக்கும். நகரத்தில் மாலை வேளையில் அவள் எந்த டொக்டரைச் ‘சனல்’ பண்ணுகிறாள், அவர் கைராசிக்காரரா, ஒழுங்கை முகப்பிலுள்ள மச்சாளுக்கு அவர்தானே பிள்ளை எடுத்தார் என்று பேச்சு நீளும். இக்கேள்வியை நான் அற்பமென்று தள்ளவில்லை. ஆனால் ஒரு பிரசவம் சுகமாக முடிவதற்கும் அபாயத்தில் முடிவதற்கும் உரிய காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நிறுத்துப் பார்ப்போமாயின், அந்தப் பெயர் நாம் நினைக்கிற உயரத்தில் நிற்பதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அவளைப் பார்த்தவர் யார், சிறு மாற்றத்தைக் கவனித்தவர் யார், தம்மால் ஆகாதென்று கண்டதும் தாமதியாமல் மேலிடத்துக்கு அனுப்பினவர் யார், நோவு கண்ட இரவில் அவளுக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் இடையே எவ்வளவு தண்ணீர் கிடந்தது என்பனவே அதற்கு முன்னே வந்து நிற்கின்றன.

பெரிய பட்டமுடையவரிடம் போவதே க்ஷேமம் என்னும் எண்ணத்துக்குச் சரித்திரம் ஒரு கடுமையான மறுமொழி வைத்திருக்கிறது. வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரசவத்துக்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவதில் டொக்டர்களும் வைத்திய மாணவர்களும், இரண்டாவதில் பயிற்சி பெறும் மருத்துவ மாதர்களும் கடமை பார்த்தார்கள். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவிலே நூற்றுக்குப் பதினொருவருக்கு மேலான தாய்மார் பிரசவ ஜுரத்தால் இறக்க, இரண்டாம் பிரிவிலே இறந்தவர் நூற்றுக்கு மூவரிலும் குறைவு. இதனை ஊர்ப் பெண்கள் அறிந்தேயிருந்தார்கள். எந்த நாளில் வருகிறார்களோ அதற்கேற்பப் பிரிவு அமைந்தமையால், முதற் பிரிவு தமக்கு வாய்த்ததெனக் கண்டவர்கள் மண்டியிட்டு மாற்றம் கேட்டார்களாம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் வைத்தியர் காரணத்தைத் தேடிக் கண்டார்: சவப் பரிசோதனை செய்த கைகளோடு வந்தே மாணவர்கள் கர்ப்பிணிகளைத் தொட்டார்கள். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கரைத்த நீரில் கைகழுவிய பின்பே உள்ளே வரவேண்டுமென அவர் விதித்தார். மறுவருடம் இரு பிரிவுகளுக்குமிடையே இருந்த பேதம் ஏறக்குறைய மறைந்தது. படித்தவர் கை, படியாதவர் கை என்பதிலும், கழுவிய கை, கழுவாத கை என்பதே அங்கே உயிர்களைப் பிரித்தது.

நம் தேசத்துக் கதை இன்னும் விசேஷமானது. பிரசவ வைத்திய ஞானம் நமக்குப் புதிதன்று. 1857ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து டொக்டர் சாமுவேல் கிரீன் மேலைநாட்டுப் பிரசவ நூலொன்றைத் தமிழிலே தந்துவிட்டார். 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. ஆயினும் நூலும் நகரத்து விடுதியும் கிராமத்துக் குடிசைக்குள் நடந்து வருவனவல்லவே. 1930களிலும் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 1934, 1935ஆம் ஆண்டுகளில் நாட்டை வாட்டிய மலேரியாவும் அத்துயரத்தை மிகுவித்தது. 1950 அளவிலே அத்தொகை 600க்கும் கீழே இறங்கியது. இன்றோ முப்பதைச் சுற்றி நிற்கிறது. தேசம் செல்வம் கொழித்து இந்த நிலையை எய்தியதன்று. மலேரியா தணிந்ததும், கிருமிகொல்லி மருந்துகள் வந்ததும், வைத்தியம் இலவசமானதும் பெரிய காரணங்கள். அவற்றோடு சேர்ந்து நிற்பது, 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதார அலகு முறை, பயிற்சிபெற்ற ஒரு பெண்ணை வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுவந்தமையாகும். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டைப் பல செல்வ தேசங்கள் இன்னும் செய்துகொள்ளவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆகவே “யாரிடம் காட்டுவது” என்பதற்கு முதல் விடை, உங்கள் கிராமத்துப் பொதுச் சுகாதார மருத்துவ மாதினிடம் என்பதே. குடும்பநல உத்தியோகத்தர் என்று காகிதத்திலும், ‘மிட்வைஃப் மிஸ்’ என்று வாய்ப்பேச்சிலும் வழங்கும் இவரைத் தெரிவுசெய்யும் சுதந்திரம் உங்களுக்கு இல்லை. நீங்கள் குடியிருக்கும் பிரிவு எதுவோ அதற்குரியவரே உங்களுக்கு உரியவர். தெரிவு வேறோரிடத்தில் இருக்கிறது: அவருக்கு எப்போது அறிவிக்கிறீர்கள் என்பதில். மாதவிடாய் தள்ளிப்போனதை அறிந்ததுமே, கர்ப்பத்தின் எட்டு வாரம் நிறையுமுன்பு பெயர் பதியப்படுமாயின், குருதிச்சோகை, நீரிழிவு, உயர்ந்த குருதி அமுக்கம், குருதி வகைப் பேதம் ஆகியவை உபத்திரவம் தருமுன்பே வெளிப்படுகின்றன. கண்ணூறு படுமென்றும், மூன்று மாதம் கழியட்டுமென்றும் மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊராருக்கு மறைப்பதைப்பற்றி எனக்கு அபிப்பிராய பேதமில்லை. மருத்துவ மாதுக்கு மறைக்கலாகாது.

நம் பகுதிக்கு இவ்விஷயத்திலே ஒரு பிரத்தியேக வசதியும் வாய்த்திருக்கிறது. கலியாணம் முடித்தவன் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதும், வீடு வளவு மகளுக்குச் சீதனமாக இறங்குவதும் மட்டக்களப்பு வழக்கமாதலால், கர்ப்பிணி பெரும்பாலும் தாயின் அருகிலேயே, தான் பிறந்து வளர்ந்த பிரிவிலேயே இருக்கிறாள். அவளுக்குக் குழந்தைப் பருவத்தில் நிறை பார்த்துத் தடுப்பூசி போடுவித்த அதே மருத்துவ மாது, அவள் குழந்தைக்கும் வந்து சேர்வது அபூர்வமன்று. ஒரே மருத்துவ மாதோ ஒரு சிறு குழுவினரோ கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பின்னரும் தொடர்ந்து பராமரிக்கும் ஏற்பாட்டைப்பற்றி, 2016இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பொன்று 15 பரிசோதனைகளில் 17,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் சொன்னது: குறைமாதப் பிரசவம் குறைகிறது, சிசு இழப்புக் குறைகிறது, ஆயுதமிட்டுப் பிள்ளை எடுக்கும் தேவையும் குறைகிறது. அந்த ஆய்வுகள் செல்வ தேசங்களில் நடந்தவை. நமது முறையிலோ வீட்டுக்கு வருபவர் வேறு, வைத்தியசாலையில் பிள்ளை பெறுவிப்பவர் வேறு. இரண்டையும் இணைப்பது உங்கள் கையிலுள்ள கர்ப்பிணிப் பதிவேடு ஒன்றே. ஆதலால் கொழும்பிலோ வேறெங்கோ கணவனின் தொழில் நிமித்தம் இருந்துவிட்டு, ஏழாம் மாதத்தில் தாய்வீடு வருகிற பெண்ணுக்கு ஒரு வார்த்தை: பதிவேட்டைக் கையோடு கொண்டுவாருங்கள், விட்டுவரும் ஊர் மருத்துவ மாதுக்கும், வந்துசேரும் ஊர் மருத்துவ மாதுக்கும் இடமாற்றத்தைச் சொல்லுங்கள். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே எவர் கணக்கிலும் இல்லாமற் போகும் அந்தச் சில வாரங்கள், குருதி அமுக்கம் தலைதூக்கக்கூடிய அதே வாரங்களாகும்.

இனி நிபுணரைப்பற்றி. மாலையில் தனியார் நிலையத்தில் பணங்கொடுத்துக் காட்டுவதும், பிரசவத்தை அதே டொக்டர் கடமை பார்க்கும் அரசாங்க வைத்தியசாலை விடுதியிலே வைத்துக்கொள்வதும் இன்று சாதாரணக் குடும்பங்களிலும் பரவிவிட்ட ஏற்பாடு. அப்பணம் எதை வாங்குகிறது, எதை வாங்குவதில்லை என்று தெளிந்துகொண்டு கொடுப்பதில் குற்றமில்லை. சற்று அதிக நேரப் பேச்சையும், சந்தேக நிவர்த்தியையும், காத்திருக்காமல் ஒரு ஸ்கானையும் அது வாங்கித் தரும். நோவு காணும் நாழிகையை மட்டும் அது வாங்காது. பிள்ளை வெளிவரும் வேளை எந்த டொக்டரின் அட்டவணையையும் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் லேபர் அறையில் உங்கள் பக்கத்தில் நிற்பவர்கள் அன்றைய முறைக் கடமையிலுள்ள மருத்துவ மாதர்களும், தாதியரும், இளநிலை வைத்தியர்களுமே. சிக்கலில்லாத பிரசவங்களைப் பெரும்பாலும் நடத்தி முடிப்பவர் அந்த மருத்துவ மாதுதான். எனவே, “டொக்டர் எப்படி?” என்று விசாரிக்கும் சுற்றத்தார் அதைவிட ஊக்கமாக விசாரிக்க வேண்டியது, அந்த வைத்தியசாலையில் இரவிலும் சத்திரசிகிச்சைக் கூடம் இயங்குமா, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் அழைத்தால் வருமிடத்தில் இருக்கிறாரா, குருதி வங்கி உண்டா, குறைமாதச் சிசுவை வைத்துப் பராமரிக்கும் பகுதி உண்டா என்பனவற்றையே.

நிபுணரிடம் கேட்கத் தக்க கேள்விகளும் உண்டு. கேட்டால் கோபிப்பாரோ என்று அஞ்சி வாய்மூடியிருப்பதுதான் நம்மவரின் பெருங்குறை. எனது பிரசவத்தில் நீங்கள் அஞ்சுவது எதனை? குறித்த நாள் கடந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை நாள் பொறுப்பீர்கள்? நோவு வரச்செய்யும் மருந்து அவசியமென்றால் ஏன்? சென்ற முறை சிசேரியன் ஆனவள் இம்முறை இயல்பாகப் பெற முயலலாமா, அதற்கேற்ற வசதி இங்கே உண்டா? இக்கேள்விகளுக்கு நின்று விடை சொல்லும் வைத்தியர், வாசலில் கூட்டம் குறைந்தவராயிருந்தாலும், கூட்டம் மிகுந்து விடை சொல்ல நேரமில்லாதவரிலும் உங்களுக்குச் சிறந்தவர் என்பது என் துணிபு. சிசேரியனைப்பற்றி மாத்திரம் ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 1985இல் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை என்று ஓர் அளவு கூறியது. இலங்கையில் இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குழந்தைகள் வயிறு கீறியே பிறக்கின்றன. அவசியமான இடத்தில் அது தாயையும் சிசுவையும் காக்கும் மகத்தான உபாயம். அவசியமற்ற இடத்தில், நல்ல நாள் நட்சத்திரம் பார்த்து முகூர்த்தத்துக்குப் பிள்ளை எடுக்கச் சொல்லும் குடும்பத்தாரின் ஆசைக்கு இணங்கிச் செய்யப்படுமாயின், அதன் கடன் அடுத்த கர்ப்பத்தில் வசூலிக்கப்படும். பழைய தழும்பின்மேல் நச்சுக்கொடி ஒட்டிப் பெருகும் குருதிப்போக்கை நிறுத்துவது கைதேர்ந்த நிபுணருக்கும் கடினம்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பகுதிகளில் பெண் டொக்டரையே காட்ட வேண்டுமென்னும் விருப்பம் வலிது. தமிழ்க் குடும்பங்களிலும் அது இல்லாமலில்லை. விருப்பம் நியாயமானது, முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி வைக்கலாம். லேபர் அறையில் உடனிருக்கும் மருத்துவ மாதர் பெண்களே என்பதை அறிந்தால் பாதிக் கவலை தீரும். பெண் டொக்டர் கிடைக்கவில்லையென்று கிளினிக்குக்கே போகாதிருப்பதைத்தான் எந்த மார்க்கமும் கேட்கவில்லை.

இப்போது நம் வாவியின் விஷயத்துக்கு வருவோம். வேறெந்த ஊரின் வழிகாட்டியிலும் இந்தப் பகுதி இராது. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் இத்தண்ணீர், கடலோரத்து எழுவான்கரையையும் வயலோரத்துப் படுவான்கரையையும் பிரிக்கிறது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும், களுவாஞ்சிகுடி, காத்தான்குடி ஆதார வைத்தியசாலைகளும் எழுவான் பக்கத்தில். மகிழடித்தீவு, மண்டபத்தடி, கரடியனாறு, பழுகாமம் போன்ற படுவான் பக்கத்து ஊர்களில் இருப்பவை சிறிய வைத்தியசாலைகள். 1994ஆம் ஆண்டில் சரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்னும் இரு ஆய்வாளர்கள் தாய் மரணங்களின் பின்னே மூன்று தாமதங்கள் நிற்பதாக எழுதினார்கள்: போவதா வேண்டாமா என்று வீட்டிலே தீர்மானிப்பதில் தாமதம், வழியிலே தாமதம், போய்ச்சேர்ந்த இடத்திலே சிகிச்சை தொடங்குவதில் தாமதம். அவர்கள் நமது வாவியைப் பார்த்து எழுதவில்லை. ஆனால் படுவான்கரைத் தாயொருத்தி அதைப் படித்தால் தன் கதையென்றே சொல்வாள். யுத்த காலத்திலே வலையிறவுப் பாலத்துக்கும் வவுணதீவுச் சோதனைச் சாவடிக்கும் அப்பால் நோவு கண்டவளுக்கு, இரண்டாவது தாமதம் விடியும்வரை நீண்டதும் உண்டு. அக்காலத்தில் ஊர் மருத்துவிச்சியின் கையே துணையென்று பல வீடுகள் இருந்தன.

இன்று நிலைமை நன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் ‘பாதை’ என்னும் மிதவைக்காகத் துறையில் காத்து நிற்பது ஒழிந்தது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வருகிறது. ஆயினும் மண்டூர், குருமண்வெளி போன்ற துறைகளில் மக்கள் நெடுங்காலமாகப் பாதையையே நம்பியிருந்திருக்கிறார்கள். பாதை ஓடாத நேரத்தில் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றியே வரவேண்டும். மாரி பிறந்து வெள்ளம் வீதியை மேவும்போது அதுவும் சந்தேகம். இராக்காலத்தில் வயலோர வீதிகளில் யானை நடமாட்டம் வேறு. ஆகையினால் பிரசவத் திகதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் விழுகிற படுவான்கரைப் பெண், எந்த டொக்டர் என்று யோசிப்பதற்கு முன், எழுவான்கரையில் எந்த உறவினர் வீட்டில் கடைசி இரு வாரங்களைக் கழிப்பது என்று யோசிக்கக் கடவள். அங்கே பெரியம்மாவோ மாமியோ இல்லாவிடின் மருத்துவ மாதினிடம் சொன்னால், முன்னதாகவே விடுதியில் அனுமதிக்கும் ஒழுங்கைக் கிளினிக்கில் கேட்டுத் தருவார். மழை மாதத்துக்கு முன்பே வாகனம் யாருடையது, அவர் தொலைபேசி இலக்கம் எது, அவர் இல்லாவிடில் அடுத்தவர் யார் என்று எழுதிப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைப்பது புத்தி.

யார் அருகிலுள்ள சிறு வைத்தியசாலையோடு அமையலாம், யார் நேரே பெரிய வைத்தியசாலைக்கே போகவேண்டும் என்பதை ஊரார் அபிப்பிராயத்துக்கு விடுவது தகாது. முன்பு சிசேரியன் ஆனவள், இரட்டைக் கர்ப்பம் தரித்தவள், இருதய நோயுள்ளவள், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ கண்டவள், முந்திய பேற்றில் குருதி பெருகியவள், 145 சென்றிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ளவள், நச்சுக்கொடி கீழே இருப்பதாக ஸ்கானில் கண்டவள், ஐந்து பிள்ளை பெற்றவள் ஆகியோர் நிபுணரும் குருதி வங்கியும் உள்ள இடத்திலேயே பிள்ளை பெறவேண்டும். இப்பட்டியலில் இல்லாதவளுக்கும் அபாயம் வரக்கூடும். குருதிப்போக்கு முன்னறிவித்து வருவதில்லை. தலையிடி தீராமல், கண் மங்கி, மேல்வயிறு நொந்தால், அல்லது பிள்ளையின் துடிப்புக் குறைந்ததாகத் தோன்றினால், அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திராமல் அன்றைக்கே போகவேண்டும்.

பழைய மருத்துவிச்சியைப்பற்றிச் சிறிது சொல்லி மேலே செல்வோம். குருதி பெருகினாலும் வலிப்பு வந்தாலும் அவளிடம் மருந்தில்லை. அந்தக் குறை அநேக உயிர்களைக் கொண்டது. ஆனால் நோவு தொடங்கியதிலிருந்து இளங்கொடி விழும்வரை அவள் எழுந்து போகவில்லை. இடுப்பைத் தடவினாள், தைரியம் சொன்னாள். நோவிலே ஒருவர் இடைவிடாமல் துணையிருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, நோவின் காலம் சுருங்குகிறது என்று 2017இல் 26 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வு இப்போது சொல்கிறது. அவளிடமிருந்த நற்குணத்தை வைத்தியசாலைக்குள்ளும் கொண்டுபோக முடியும்: தாயோ சகோதரியோ லேபர் அறையில் உடனிருக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் உண்டு, சில இடங்களில் திரைமறைவு இல்லாமையால் இல்லை. கேட்பவர் பெருகினால் திரையும் வரும்.

பிள்ளை பிறந்தபின் சுற்றத்தார் எல்லாரும் பிள்ளையின் நிறத்தையும் மூக்கையும் பார்த்துக்கொண்டிருக்கையில், தாயைப் பார்க்க ஒருவர் வேண்டும். பெருங்குருதிப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளே உயிரைக் கொண்டுபோகக் கூடியது. துணி நனைந்துகொண்டேயிருந்தால் சத்தமிட்டு மருத்துவ மாதை அழைக்க வெட்கப்படலாகாது. வீடு வந்தபின் சரக்குத் தண்ணியும் பத்தியக் கறியும் நம் வழக்கப்படி நடக்கட்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தாதீர்கள். காய்ச்சல், துர்நாற்றம், கால் வீக்கத்தோடு தலையிடி ஆகியவற்றைத் துடக்குக் கழியட்டுமென்று பொறுத்திராதீர்கள்.

முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவ மாது வீடு தேடி வரவேண்டும். அது அவர் கடமை, உங்கள் உரிமை. விடுதியிலிருந்து துண்டு வெட்டிய அன்றே அவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். எந்த வீட்டில் இருக்கிறீர்கள், தாய்வீடா பெரியம்மா வீடா, வாவியின் எந்தக் கரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல பிரிவுகளில் ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரு பிரிவுகளைப் பார்க்கிறார். நான்காம் நாளும் வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்துக் கேளுங்கள், பதிற்கடமை பார்ப்பவரின் பெயரையும் இலக்கத்தையும் அங்கே தருவார்கள்.